வேகமா, நிலைத்தன்மையா?

முன்னுரை

இது விஞ்ஞான யுகம். அதிலும் கணிப்பொறி யுகம். கணக்குப் போடவும் கடிதம் அடிக்கவும் என்று வீட்டுக்குள் வந்த கணிப்பொறி, நாளடைவில் நம் அண்ணன் தம்பிமாரின் விளையாட்டுத் திடலாகவும் ஆகிவிட்டது. அண்ணன் தம்பிமாருக்கு மட்டுமா? மதிய உணவு வேளையில் நம் வகுப்புகளிலேயே காது கொடுத்துக் கேட்டால், “எங்கள் வீட்டுக் கார்டு இத்தனை மெகாஹெர்ட்ஸ் ஓடுகிறது” என்ற பேச்சு கேட்கத்தான் செய்கிறது. கம்பெனி நிர்ணயித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே கிராஃபிக்ஸ் கார்டை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். இது நல்லதா, கெட்டதா என்று பல வீடுகளில் வழக்கு நடக்கிறது. பிள்ளைகள் வேகத்தைப் பேசுகிறார்கள். பெற்றோர் காசைப் பேசுகிறார்கள். இருசாராரும் பேச மறந்தது ஒன்று உண்டு. அதுதான் சோதனை. சோதித்துப் பாராத வேகம் வெறும் வாய்ப்பேச்சு என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

துடிப்பும் இடைவெளியும்

கிராஃபிக்ஸ் கார்டின் நடுவில் இருப்பது ஒரு சிலிக்கான் சில்லு. நம் இதயம் துடிப்பதுபோல அதுவும் ஒரு தாளத்தில் துடித்துக்கொண்டே இருக்கிறது. 1999ஆம் ஆண்டு என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஜிஃபோர்ஸ் 256 என்னும் கார்டு 120 மெகாஹெர்ட்ஸில் துடித்தது. அதாவது நொடிக்குப் பன்னிரண்டு கோடித் துடிப்பு. அதே நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுக்குக் குறித்த உயர்வேகம் 2,520 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 252 கோடித் துடிப்பு! அதன் சில்லுக்குள் ஏறத்தாழ 7,600 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன.

ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் மின்குறி ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, இன்னோரிடம் சேர்ந்து, நிலைகொள்ள வேண்டும். 2,000 மெகாஹெர்ட்ஸில் அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியை இருநூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளிகூட 15 சென்டிமீட்டர்தான் கடக்கும். நம் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் சிறிய ஸ்கேலின் நீளம்! துடிப்பை இன்னும் விரைவாக்கினால் அந்த இடைவெளி இன்னும் சுருங்குகிறது. மின்குறி வந்து சேருமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் விடை தவறிப்போகிறது.

இப்படித் தவறக்கூடாது என்பதற்காகவே கம்பெனிகள் கொஞ்சம் இடம் விட்டு வேகத்தை நிர்ணயிக்கின்றன. ஒரே அச்சில் பிறந்தாலும் இரண்டு சில்லுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று வலியது, மற்றொன்று சற்று மெலியது. ஒரு வீட்டில் மின்சாரம் சீராக வரும், இன்னொரு வீட்டில் ஏறி இறங்கும். எல்லாச் சில்லும் எல்லா வீட்டிலும் வருடக்கணக்கில் ஓட வேண்டுமே! ஆகவேதான் அந்த இடைவெளி. ஓவர்கிளாக்கிங் செய்பவர் மந்திரம் எதுவும் செய்துவிடுவதில்லை. கம்பெனி விட்டுவைத்த அந்த இடைவெளியில் ஒரு பகுதியை எடுத்துச் செலவு செய்கிறார், அவ்வளவுதான்.

கிடைப்பது எவ்வளவு?

அந்தக் காலத்தில் இந்த இடைவெளி பெரிதாக இருந்தது. 1998இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் செயலியை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி ஓட்டியவர்கள் ஏராளம். அது ஒன்றரை மடங்கு! இன்று அந்த நிலை இல்லை. 2012ஆம் ஆண்டு ஜி.டி.எக்ஸ். 680 கார்டோடு வந்த ஜி.பி.யு. பூஸ்ட் என்னும் முறையால், வெப்பமும் மின்சக்தியும் இடங்கொடுக்கும் வரை கார்டு தானாகவே தன் வேகத்தை உயர்த்திக்கொள்கிறது. மனிதருக்கு மிச்சமிருப்பது பெரும்பாலும் நூற்றுக்குச் சில பங்குதான்.

நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 60 படங்கள் காட்டிய கார்டு 63 படங்கள் காட்டும். ஒரு படத்துக்கு ஆகும் நேரம் ஆயிரத்தில் 16.7 பங்கு நொடியாக இருந்தது 15.9 ஆகும். கண் இமைக்கும் நேரத்தில் இது எத்தனை சிறிய பகுதி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, கொடுப்பது எவ்வளவு என்று பார்ப்போம். சில்லு உண்ணும் மின்சக்தி, வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகத்தை ஐந்து சதவீதம் உயர்த்த மின்னழுத்தத்தையும் ஐந்து சதவீதம் உயர்த்த நேர்ந்தால், 1.05ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 1.16. ஐந்து பங்கு வேகத்துக்குப் பதினாறு பங்கு வெப்பம்! இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல செய்தியும் கிடைக்கிறது. அதே வேகத்தில் ஓடும்போது மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைக்க முடிந்தால், 0.9இன் வர்க்கம் 0.81, அதாவது இயங்குவதற்கான மின்சக்தியில் பத்தொன்பது பங்கு மிச்சம். இதற்கு அண்டர்வோல்டிங் என்று பெயர். விசிறியின் இரைச்சலும் குறையும், மின்கட்டணமும் குறையும். ஓவர்கிளாக்கிங் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. முதலில் கற்க வேண்டியது இதுதான் என்று நாங்கள் சொல்லுவோம்.

பொய் வேகம்

கார்டு தன் எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்? திரையில் பொட்டுப் பொட்டாக மின்னும். வண்ணக் கட்டங்கள் தோன்றும். உருவங்கள் முக்கோணமாய் இழுபட்டுக் கோரமாகும். சில வேளைகளில் திரை கறுத்துப்போய் மீண்டும் வரும். கார்டிடமிருந்து இரண்டு நொடி வரை பதில் வராவிட்டால், விண்டோஸ் தானே அதை மீட்டுத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இன்னும் சில வேளைகளில் விளையாட்டு எந்த அறிவிப்பும் இன்றி மூடிக்கொள்ளும். இவை வெளிப்படையான பிழைகள். கண்ணுக்குத் தெரிவதால் திருத்திக்கொள்ளலாம்.

மறைவான பிழை ஒன்று உண்டு, அதுவே ஆபத்தானது. 2008இல் ரேடியான் எச்.டி. 4870 கார்டோடு ஜி.டி.டி.ஆர்.5 என்னும் நினைவகம் வந்தது. செய்தி வழியில் சிதைந்தால் அதைக் கண்டறிந்து திரும்ப அனுப்பச் செய்யும் வசதி இந்த வகை நினைவகங்களில் உண்டு. நல்ல வசதிதான். ஆனால் நினைவகத்தின் வேகத்தை மிதமிஞ்சி உயர்த்திவிட்டால், திரையில் ஒரு பொட்டும் தோன்றாது. ஒரு தடங்கலும் இராது. உள்ளே மட்டும் செய்திகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும். மெகாஹெர்ட்ஸ் ஏறியிருக்கும், உண்மையான வேலையோ குறைந்திருக்கும்! எண்ணை மட்டும் பார்த்துப் பெருமைப்படுபவர், தம் கார்டைத் தாமே மெதுவாக்கிவிட்டது தெரியாமல் பெருமைப்படுகிறார். இது கார்டுக்கு மட்டும் பொருந்துவதா? நூறு பக்கத்தை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிட்டு, பரீட்சையில் ஒவ்வொரு வரிக்கும் திரும்பித் திரும்பித் தடுமாறும் நம் வழக்கத்தையும் இது நினைவூட்டவில்லையா?

சோதனை எப்படி இருக்க வேண்டும்?

நம் இயற்பியல் ஆசிரியை ஆய்வுக்கூடத்தில் சொல்லித்தரும் ஒழுங்கு இங்கே அப்படியே பொருந்துகிறது.

முதலாவது, ஒன்றையும் மாற்றாமல் கார்டு எப்படி ஓடுகிறது என்று பார்த்து, வேகம், வெப்பம், படங்களின் எண்ணிக்கை மூன்றையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்க அளவு தெரியாதவருக்கு முன்னேற்றம் எது என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் சில்லின் வேகத்துக்கு ஒரு கட்டை, நினைவகத்துக்கு ஒரு கட்டை, மின்சக்தி எல்லைக்கு ஒரு கட்டை என்று தனித்தனியே இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து நகர்த்திவிட்டுப் பிழை வந்தால், குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடியாது. சில்லின் வேகத்தை 15 அல்லது 25 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று சோதிக்க வேண்டும். பிழை தோன்றிய படியிலிருந்து ஓரிரு படி இறங்கி நிற்பதே விவேகம். நினைவகத்தை ஏற்றும்போது, பிழையை மட்டும் பாராமல், மதிப்பெண் உண்மையிலேயே கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே சோதனையை நம்பக்கூடாது. ஃபர்மார்க் என்று ஒரு சோதனை உண்டு. ரோமம் அடர்ந்த ஒரு வளையத்தைத் திரையில் சுழலவிட்டுக் கார்டைக் கொதிக்க வைக்கும். அதில் தேறிவிட்டால் எல்லாம் தேறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மை என்னவென்றால், அவ்வளவு பெரிய சுமை வரும்போது கார்டு தன் மின்சக்தி எல்லையில் முட்டி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆகவே அதன் மிக உயர்ந்த வேகம் அங்கே சோதிக்கப்படுவதே இல்லை. சுமை குறைந்த ஒரு சாதாரண விளையாட்டில்தான் கார்டு உச்ச வேகத்துக்குப் போகிறது; விழுவதும் அங்கேதான். குளிரூட்டும் அமைப்பைச் சோதிக்க ஃபர்மார்க் உதவும். வேகத்தைச் சோதிக்க வேறு வேண்டும். 3டிமார்க் மென்பொருளின் அழுத்தச் சோதனை, ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, படவேகம் 97 சதவீத அளவுக்காவது சீராக இருந்தால்தான் தேர்ச்சி தருகிறது. நினைவகப் பிழைகளை எண்ணிக் காட்ட ஓ.சி.சி.டி. இருக்கிறது. இவற்றுக்குப் பிறகு, விளையாடப்போகும் விளையாட்டையே பல மாலைப்பொழுதுகள் ஓட்டிப் பார்த்த பின்னரே “இது நிலையானது” என்று சொல்லலாம்.

நான்காவது, பருவம் பார்த்துச் சோதிக்க வேண்டும். அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கார்டின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். குளிர்நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் சொல்லும் எண் நம் ஊர் மாடியறைக்குப் பொருந்தாது. மார்கழி அதிகாலையில் தேறிய கார்டு, கத்திரி வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்குத் தேறுமா? அங்கேயும் தேறினால்தான் அது தேர்ச்சி.

2020 கற்பித்த பாடம்

பொறியாளர்கள் நிறைந்த பெரிய நிறுவனங்களுக்கே சோதனையின் அருமையை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2020 செப்டம்பர் 17 அன்று என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டுகள் விற்பனைக்கு வந்தன. பல நிறுவனங்கள் தங்கள் தொழிற்சாலையிலேயே வேகத்தை உயர்த்தி விற்றன. சில நாட்களுக்குள் உலகெங்கிலுமிருந்து ஒரே புகார் எழுந்தது. கார்டின் வேகம் 2,000 மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போதோ தாண்டும்போதோ விளையாட்டு திடீரென மூடிக்கொள்கிறது என்றார்கள். சில்லின் பின்புறத்தில் மின்சாரத்தைச் சீராக்கும் சிறிய கெபாசிட்டர்களின் மீது பலருடைய சந்தேகம் விழுந்தது. செப்டம்பர் 28 அன்று என்விடியா 456.55 என்னும் டிரைவரை வெளியிட்டது. அதன் பிறகு தடங்கல் பெருமளவு நின்றது. புதிய டிரைவரில் கார்டின் உச்ச வேகம் சற்றே தணிந்திருப்பதைச் சோதனையாளர்கள் அளந்து காட்டினார்கள். அதாவது, சில மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுத்து நிலைத்தன்மை வாங்கப்பட்டது.

இதில் ஈ.வி.ஜி.ஏ. நிறுவனம் அப்போது வெளியிட்ட விளக்கம் கவனிக்கத்தக்கது. ஒரே வகைப் பெரிய கெபாசிட்டர்கள் ஆறு வைத்த தங்கள் வடிவமைப்பு, உற்பத்திச் சோதனையில் உண்மையான பயன்பாடுகளின்கீழ் தேறவில்லை. காரணம் கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. பெரியவற்றை நான்காகக் குறைத்து, சிறியவை இருபது சேர்த்து அனுப்பினோம். ஆகவேதான் வெளியீடு தாமதமாயிற்று என்று அது கூறியது. உலகமே முந்திக்கொள்ளத் துடித்த வாரத்தில், சோதனையில் தேறாத பொருளை அனுப்பாமல் நிறுத்தி வைப்பதற்கு மனத்துணிவு வேண்டும்.

அப்படியானால் ஒருமுறை சோதித்துவிட்டால் போதுமா? போதாது. அதே நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் சில, 2021இல் நியூ வேர்ல்ட் என்னும் விளையாட்டின் முன்னோட்டத்தின்போது பழுதாயின. பற்றவைப்பில் இருந்த குறையே காரணம் என்று நிறுவனமே பின்னர் விளக்கியது. எந்தச் சோதனையும் எல்லாப் பிழையையும் பிடித்துவிடாது. சோதனை நமக்குத் தருவது அகந்தை அல்ல, அடக்கம்.

மறுப்புகளுக்கு விடை

“இது படிக்கிற பிள்ளைகளுக்குத் தேவையா?” என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளையாட்டே கதி என்று கிடப்பதை நாங்களும் ஏற்கவில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் எத்தனை பாடம் இருக்கிறது என்று பாருங்கள்! வர்க்கமும் சதவீதமும் கணிதம். மின்னழுத்தமும் வெப்பமும் இயற்பியல். குறிப்பெடுத்து முடிவு காண்பது விஞ்ஞான முறை. புத்தகத்தில் ஒரு சூத்திரமாகக் கிடந்தது, விசிறியின் இரைச்சலாகக் காதில் கேட்கிறது.

“கார்டு கெட்டுப்போனால் யார் பணம் தருவது?” என்பது அடுத்த கேள்வி. இதுவும் நியாயமே. உழைத்துச் சேர்த்த பெற்றோரின் பணத்தில் வந்த பொருள் அது. ஆகவே அவர்களுடைய சம்மதம் இன்றி அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. வேகத்தை உயர்த்தியதால் நேரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. உத்தரவாதச் சீட்டைப் படித்துப் பார்க்காமல் கட்டையை நகர்த்தக் கூடாது. அளவோடு வேகத்தை மட்டும் உயர்த்தினால், பெரும்பாலும் கணிப்பொறி தடைப்பட்டு மீண்டும் தொடங்கும், அவ்வளவே. மின்னழுத்தத்தைப் பாதுகாப்பு எல்லைக்கு அப்பால் உயர்த்துவதும், நீண்டநாள் கடும் வெப்பத்தில் ஓட்டுவதும்தான் சில்லின் ஆயுளைத் தின்பவை. அந்த வழி நமக்கு வேண்டவே வேண்டாம். வீட்டில் ஒரே கணிப்பொறி இருந்து, அதில்தான் அப்பாவின் கணக்கும் அக்காவின் கல்லூரி வேலையும் நடக்கிறது என்றால், கம்பெனி தந்த வேகமே போதும்.

“பெண் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை?” என்பது மூன்றாவது கேள்வி. இதை மட்டும் நாங்கள் நியாயமான கேள்வியாக ஏற்க மாட்டோம். ஆர்.டி.எக்ஸ். 40 வரிசைக் கார்டுகளின் வடிவமைப்புக்கு என்விடியா சூட்டிய பெயர் ஏடா லவ்லேஸ். கணிப்பொறி என்ற ஒன்று உருவாகும் முன்பே, 1843இல், பாபேஜின் பகுப்பாய்வுப் பொறிக்கான கணக்கிடும் முறையை வெளியிட்ட பெண்மணி அவர். போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யை 2014 முதல் தலைமையேற்று நடத்திவருபவர் லிசா சூ. அவரும் மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1965ஆம் ஆண்டு அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்ற இருவருள் ஒருவர் யார் தெரியுமா? அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் என்னும் கன்னியாஸ்திரி! அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் நடத்தி, 1985இல் இறைவனடி சேர்ந்தார். துறவற உடை தடையாக இராதபோது, நம் பாவாடை தாவணியும் சுடிதாரும் தடையாகுமா? பெட்டியின் மூடியைத் திறந்து விசிறியில் படிந்த தூசியைத் துடைக்கும் வேலை நம் அண்ணன்மாருக்கு மட்டும் எழுதி வைத்ததல்லவே!

முடிவுரை

பாறைமேல் கட்டிய வீடு, மணல்மேல் கட்டிய வீடு என்று ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அனைவரும் அறிவோம். நல்ல வெயில் நாளில் அவ்விரு வீடுகளும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். மழையும் வெள்ளமும் காற்றும் வந்த பிறகே எது வீடு, எது மண்மேடு என்று தெரிந்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதுவே நியதி. ஒரு நிமிடம் ஓடி ஓர் உயர்ந்த எண்ணைக் காட்டிவிட்டு விழுவதில் பெருமை இல்லை. கத்திரி வெயிலிலும், நீண்ட மாலையிலும், பிழையின்றி ஓடும் வேகம் எதுவோ அதுவே அந்தக் கார்டின் உண்மையான வேகம்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை ஒருவர் தம் கார்டின் மெகாஹெர்ட்ஸைச் சொல்லிப் பெருமைப்பட்டால், “எத்தனை நேரம் சோதித்தீர்கள்? எந்தச் சோதனையில்? எந்த மாதத்தில்?” என்று அன்போடு கேளுங்கள். நம் பள்ளிக் கணிப்பொறி மன்றமும் வரும் ஆண்டில் பழைய கார்டு ஒன்றை வைத்து, குறிப்பேடும் வெப்பமானியும் கொண்டு இந்தச் சோதனையை நம் கண்முன் செய்து காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அளந்து அறிவோம், அறிந்து உயர்த்துவோம், எல்லை கண்ட இடத்தில் நின்று மகிழ்வோம். வளர்க விஞ்ஞானம்! வளர்க மாணவியர் ஆர்வம்!